பித்தன் கையில் கபாலம்: மனக்கோளாறு என்பது எது?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோரில் பலர் இவ்வூரைக் கவனியாமலே கடந்து போய்விடுவர். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே பாறையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உண்டு. முகப்பின் இரு கோடிகளிலும் வாயிற்காவலர் சிற்பங்கள் கம்பீரமாக நிற்கின்றன. பல்லவர் குடைவரைகளுள் மிகப் பழையது என்று கருதப்படுவது இது.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு விந்தையான செய்தியைச் சொல்கிறது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இக்கோயிலை ஆக்குவித்தான் என்பதே அதன் கருத்து. எதைக் கொண்டு கட்டினான் என்று கூறாமல், எவையெல்லாம் இல்லாமல் கட்டினான் என்று கூறுகிறது!

விசித்திரசித்தன் என்பது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். புதுமை நாடும் மனம் உடையவன் என்பது பொருள். 'சித்தம்' என்றால் மனம். சித்தப்பிரமை, சித்தசுவாதீனம் என்று நாம் வழங்கும் சொற்களிலும் இதே சித்தந்தான் இருக்கிறது. ஊரார் எண்ணாததை எண்ணிய அரசனுக்கு அது புகழ்மொழி. ஊரார் எண்ணாததை எண்ணும் ஓர் ஏழைக்கோ அது இழிமொழி. அப்படியானால் மனத்தின் புதுமைக்கும் மனத்தின் கோளாறுக்கும் எல்லை எது?

நாடகத்தில் ஒரு பித்தன்

இந்த வினாவுக்குரிய காட்சி ஒன்றை மகேந்திரவர்மனே எழுதி வைத்திருக்கிறான். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அவனுடைய வடமொழி நகைச்சுவை நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. கதை காஞ்சி நகரில் நடக்கிறது. குடித்து மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை, அதாவது பிச்சை ஏற்கும் மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். பௌத்தத் துறவி ஒருவரே திருடர் என்று பழி சுமத்துகிறான். வழக்கைத் தீர்க்க வந்த பாசுபதனாலும் தீர்க்க முடியவில்லை. சண்டை முற்றுகிறது. அப்போது ஒரு பித்தன் வருகிறான். அவன் கையில் அந்தக் கபாலம்! அதில் இருந்த இறைச்சிக்காக நாய் ஒன்று தூக்கிச் சென்றதை அவன் பறித்து வைத்திருந்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். அறிவுத்தெளிவு உள்ளவர்களாகத் தம்மைக் கருதிக்கொண்டவர்கள் வீண்பழியும் வாதமுமாக நிற்கிறார்கள். உண்மைப் பொருளோ பித்தனின் கையில் இருக்கிறது. குடித்து உளறுபவனும் அங்கே உண்டு. பித்தால் உளறுபவனும் உண்டு. முன்னவனின் மயக்கம் பொழுது விடிந்தால் தெளியும்; பின்னவனுடையது தெளியாது. கபாலம் கைக்கு வந்ததும் அவரவர் மகிழ்ச்சி அவரவர்க்கு. பித்தனைப் பற்றிய பேச்சு அத்துடன் தீர்ந்தது. அவனுக்கு என்ன நேர்ந்தது, எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறான், வீடு வாசல் உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விகளை நாம் கேட்டுப் பார்ப்போம்.

கோளாறு என்னும் சொல்

மோட்டாரில் கோளாறு என்கிறோம். வயிற்றில் கோளாறு என்கிறோம். மோட்டார் மோட்டாராகவே இருக்கிறது. அதன் ஓட்டந்தான் ஒழுங்கு தப்பியிருக்கிறது. மனக்கோளாறும் அப்படியே. அதற்கு ஆளானவர் வேறு மனிதராக மாறிவிடவில்லை. சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, நினைவு, நடத்தை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ ஒழுங்கு பிறழ்ந்திருக்கின்றன.

மண்டகப்பட்டுக் கல்வெட்டைப் போல, கோளாறு எது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடலாம். முதலாவது, துயரம் கோளாறு அல்ல. தாயை இழந்த மகன் அழுவதும், தேர்வுக்கு முன் மாணவி உறக்கம் இழப்பதும் இயல்பானவை. இரண்டாவது, விசித்திரம் கோளாறு அல்ல. ஊரோடு ஒத்துப் போகாதவரெல்லாம் நோயாளியாகிவிட மாட்டார். மூன்றாவது, அது பேயோ, பாவத்தின் சம்பளமோ அல்ல. நான்காவது, மன உறுதி இன்மையோ சோம்பலோ அல்ல. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று சொன்னால் நீரிழிவு குறையுமா? இதுவும் அப்படித்தான்.

அப்படியானால் கோளாறு எது? மருத்துவர் மூன்று அளவுகோல்களை முக்கியமாகக் கருதுகிறார். குறிகள் எவ்வளவு காலமாக நீடிக்கின்றன? எவ்வளவு துன்பம் தருகின்றன? உண்பது, உறங்குவது, உழைப்பது, உறவாடுவது ஆகிய அன்றாட வாழ்வை எவ்வளவு கெடுக்கின்றன? இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்த பின்னரே கோளாறு என்ற முடிவுக்கு வரவேண்டும். ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொள்கிறார் என்பது மட்டும் போதாது.

நோய்க்கும் கோளாறுக்கும் என்ன வேற்றுமை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் தெளிவாகத் தெரிந்தால் நோய் என்கிறோம். காரணம் முழுவதும் பிடிபடாமல், குறிகள் மட்டும் கூட்டமாகச் சேர்ந்து வருவது தெரிந்தால் கோளாறு என்பது பொருத்தம். (பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்தே வழங்குகிறோம்.) 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் பலர் பெருமைப் பிதற்றலில் தொடங்கி, கைகால் விளங்காமல் போய் இறந்தார்கள். 1913இல் அத்தகையோரின் மூளையில் மேகநோய்க் கிருமி இருப்பது காட்டப்பட்டது. பின்னர் பெனிசிலின் வந்தது. அந்தப் 'பைத்தியம்' மிகவும் அருகிவிட்டது. அறிவு வளர வளரக் கோளாறு நோயாகிறது. நோய் தீர்க்கக் கூடியதாகிறது.

ஆனால் எல்லைக்கோட்டைத் தவறான இடத்தில் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் எசமானனிடமிருந்து தப்பி ஓடுவது ஒருவகை மனநோய் என்று எழுதினார்! ஓடியவருக்கா நோய்? ஓரினக் காதலையும் நெடுங்காலம் கோளாறுப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலகச் சுகாதார நிறுவனம் 1990இலும் அதை நீக்கின. சமூகத்துக்குப் பிடிக்காததையெல்லாம் நோய் என்று சொல்லிவிடக் கூடாது என்பதே இவை தரும் பாடம்.

வகைகள் சில

சித்த மருத்துவ நூல்கள் மனநோயைக் 'கிரிகை' என்று அழைத்து, அதை 18 வகையாகப் பிரித்தன. எல்லாப் பித்தும் ஒரே பித்து அல்ல என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய மருத்துவம் கூறும் முக்கிய வகைகளைப் பார்ப்போம்.

பதற்றக் கோளாறுகள் மிகப் பரவலானவை. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பது நம்மைக் காக்கும் ஏற்பாடு. பாம்பே இல்லாதபோதும் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் அது பதற்றக் கோளாறு. மூச்சுமுட்டல், நெஞ்சுவலி என்று இதய மருத்துவரிடம் ஓடுவோரில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுவே.

மனச்சோர்வு நோய் வெறும் கவலை அன்று. குறைந்தது இரண்டு வாரமாவது நாள்தோறும் மனம் இருண்டு கிடக்கும். பிடித்தவற்றில் நாட்டம் போய்விடும். பசியும் உறக்கமும் கெடும். தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம் அரிக்கும். நம் நாட்டில் பலர் இதைச் சொற்களால் சொல்வதில்லை. உடம்பெல்லாம் வலி, தலைபாரம், அசதி என்று உடம்பின் மொழியில் சொல்வார்கள். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழக்கூடும் என்பதால் இதைச் சிறிதாகக் கருதக் கூடாது.

எண்ணச் சுழற்சி நோயில் வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். கை அழுக்கு என்று தோன்றும், கழுவுவார், மீண்டும் தோன்றும், தோல் உரியும் வரை கழுவுவார். தேவையற்றது என்று அவருக்கே தெரியும், நிறுத்தத்தான் முடியாது.

இருதுருவக் கோளாற்றில் மனம் ஊஞ்சலாடும். சில வாரம் உறக்கமே இல்லாத பெரும் உற்சாகம், பணத்தை வாரி இறைத்தல், தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற பேச்சு. பின்பு சில மாதம் ஆழ்ந்த சோர்வு. இடையிடையே முற்றிலும் இயல்பாகவும் இருப்பார். லித்தியம் என்னும் எளிய உப்பு இந்த ஊஞ்சலை அமைதிப்படுத்தும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிவித்தார்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளம் வயதில் தலைகாட்டுவது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். தனக்கு எதிராகச் சதி நடப்பதாக உறுதியாக நம்புவார். எண்ணங்கள் கோவையற்றுப் போகும். குளிப்பதில், பேசுவதில் ஊக்கம் குன்றும். கேட்கும் குரல் அவருக்குப் பொய் அன்று; மூளை அதை உண்மை ஒலியாகவே காட்டுகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கிறார். இதையும் இருதுருவக் கோளாற்றையும் 1899இல் தெளிவாக வேறுபடுத்தியவர் கிரப்பெலின் என்ற ஜெர்மானியர். மனச்சிதைவு என்று இன்று வழங்கும் கருத்துக்கு 1908இல் பெயரிட்டவர் சுவிட்சர்லாந்தின் பிளாய்லர்.

இவற்றோடு மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாதல், கொடிய நிகழ்ச்சிக்குப் பின் தொடரும் அச்சக் கோளாறு, முதுமையில் வரும் மறதி நோய் ஆகியவையும் உண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு இவற்றினின்றும் வேறானது. அது குழந்தைப் பருவத்திலிருந்தே இருப்பது. அதை மனநோயோடு குழப்பலாகாது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக் கூறு, மூளையின் இரசாயனச் செய்திப் பரிமாற்றம், சிறு வயதுக் கொடுமைகள், வறுமை, தனிமை என்று பல இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு அது. 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 100க்குச் சுமார் 10 பேர் அவ்வேளையில் ஏதேனும் ஒரு மனக்கோளாற்றுடன் இருந்ததாகக் கண்டது. பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. உங்கள் தெருவில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள். இது யாரோ ஒருவருடைய செய்தி அன்று.

மதிலுக்குள் அடைத்த காலம்

வகை அறியாத காலத்தில் வழி ஒன்றே இருந்தது: அடைத்து வைத்தல். 1794இல் வாலன்டைன் கொனோலி என்ற மருத்துவர் சென்னையில் ஒரு மனநோய் விடுதியைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய அரசு விடுதி எழுந்தது; 145 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'பைத்தியச் சட்டம்'. இன்ன கோளாறு, இன்ன சிகிச்சை என்பதைக் காட்டிலும், ஊருக்குத் தொல்லை இல்லாமல் காவலில் வைப்பதே அன்றைய நோக்கம். 'உன்னைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டும்' என்ற கேலி நம் பேச்சிலும் திரைப்படங்களிலும் நிலைத்துவிட்டது. ஓர் ஊரின் பெயரே வசையாகிவிட்டது.

மதிலில் கதவு திறந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். அதில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேர் மனநோயைத் தணிப்பது குறித்து 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் கட்டுரை எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குத் தரப்பட்டது. ஓயாத குரல்கள் பலருக்கு அடங்கின. பக்கவிளைவுகளால் ரெசர்பின் பின்னர் ஒதுங்கியது. ஆயினும் மனநோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கை நிலைத்தது.

மருந்து மட்டுமா? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது முதலே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. அடைத்துவிட்டுப் போகும் இடம், அழைத்து வந்து உடனிருக்கும் இடமாக மாறியது. கீழ்ப்பாக்கத்திலும் மாறுதல் வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். வெறும் காவல் போதாது, மறுவாழ்வும் தேவை என்று வற்புறுத்தினார். 1978இல் அது மனநலக் கழகம் எனப் பெயர் பெற்றது. 1984இல் மனச்சிதைவு நோய்க்கென 'ஸ்கார்ஃப்' என்ற ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் அவர் உருவாக்கினார். 2021இல் மறைந்தார்.

அதே சென்னையில் 1981இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உங்களுக்கு வியப்பளிக்கலாம். மனச்சிதைவு முதன்முறையாகக் கண்ட 90 பேரை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுக்குப் பின், தொடர்பில் இருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. வேலை பார்த்தவர்களும் மணம் செய்துகொண்டவர்களும் அவர்களுள் பலர். 'ஒருமுறை பைத்தியம் என்றால் என்றும் பைத்தியம்' என்ற ஊர்ப்பேச்சு பொய்யாயிற்று.

இன்னும் தீராத கணக்கு

ஆனால் அறிவு மருத்துவமனையில் இருந்தால் போதுமா? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. குணமாகும் என்ற நம்பிக்கையில் அங்கே விட்டுச் செல்லப்பட்டவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில் வழிபாட்டுடன் மருத்துவமும் சேர்ந்து கிடைக்க ஏர்வாடியிலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. நம்பிக்கையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. சங்கிலிதான் இரண்டுக்கும் பகை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று அது தடுக்கிறது. அச்சட்டம் தரும் விளக்கத்தையும் கவனியுங்கள்: சிந்தனை, மனநிலை, புலனறிவு, நினைவு முதலியவற்றில் ஏற்பட்டு, அன்றாட வாழ்வின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனை மிகவும் கெடுக்கும் கோளாறே மனநோய். சாதி, அரசியல், ஊர் வழக்கத்தை மீறுதல் ஆகியவற்றைக் காரணமாக்கி ஒருவரை மனநோயாளி என முடிவு செய்யலாகாது என்றும் அது கூறுகிறது. கார்ட்ரைட்டின் பிழை திரும்ப நேராதிருக்க இட்ட வேலி இது.

சட்டம் இருந்தும் 2023இல், மண்டகப்பட்டு இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், உரிய அனுமதி இன்றி நடந்ததாகக் கண்டறியப்பட்ட ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். கொடுமைகள் இழைக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. வீதியில் திரிந்தவர்கள் 'எங்கோ ஓரிடத்தில்' சேர்க்கப்பட்டதும் ஊர் அவர்களை மறந்துவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. வீட்டிலோ பக்கத்திலோ ஒருவருடைய உறக்கம், பேச்சு, நடத்தை இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால் பழிக்காமல் கேளுங்கள். அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம், கேலியும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். இது 2022 முதல் இயங்குகிறது. மருந்து தொடங்கிய பின் மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். சற்றுத் தேறியதும் நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது.

அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது மண்டகப்பட்டில் சற்று நில்லுங்கள். செங்கல், மரம், இரும்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு மனநோயாளிகளுக்காக நாம் எத்தனையோ மதில்களை எழுப்பிவிட்டோம். அவர்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இவை எதுவும் இல்லாமலே கொடுக்கக் கூடியது. நாடகத்துப் பித்தனிடம் எல்லாரும் கபாலத்தை மட்டும் கேட்டார்கள். 'உனக்கு என்ன செய்கிறது, தம்பி?' என்று நாம் கேட்போம்.